முந்நூறு ரூபாய் முயலுக்கு வைத்தியம்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று சில மாதம் பொறுத்துப் பார்த்தேன். தணிவதாகத் தெரியவில்லை. ஆகவே இன்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், சாவகாசமாக வாசியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு முயல் தீனியை மறுத்து, முதுகைக் கூனிக்கொண்டு, கூண்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்த நிலையில், நாய்க்கும் பூனைக்கும் பேர்போன ஒரு கிளினிக்கிற்கு அதைத் தூக்கிக்கொண்டு நானும் என் பெண்ணும் ஓடினோம். வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் பெயர் பதிவு செய்துகொள்பவர், கூடையின் மூடியைத் திறந்துகூடப் பாராமல் சொன்னார்: "முயலா சார்? முந்நூறு ரூபா முயலுக்கு எதுக்கு சார் இவ்ளோ அலைச்சல்? புதுசா ஒண்ணு வாங்கிக்குங்களேன்."

அவர் துர்எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை. எங்கள் சிரமத்தைக் கண்டு இரங்கி, உபகாரமாக ஒரு யோசனை சொல்வதாகவே அவர் நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குத் தாளாமற்போனது அதுதான். பக்கத்தில் கூடையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நின்ற என் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த வைத்தியர் கண்ணியமான மனிதர். "முயல் எனக்குப் பழக்கமில்லைங்க. தெரியாம ஏதாவது பண்ணிடக் கூடாது, வேற இடம் பாருங்க" என்று நேராகச் சொல்லி அனுப்பிவைத்தார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் வைத்தியரை நான் எப்போதும் மரியாதையோடுதான் நினைப்பேன். ஏனென்றால், அடுத்துப் போன இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அங்கே முயலின் வாயைத் திறந்து பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. "இன்ஃபெக்‌ஷன்" என்று ஒரே வார்த்தையில் தீர்மானித்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் சிரப்பை வாய்வழியாகக் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருந்தையும் வாங்கிவிட்டோம். அன்றிரவு, கினி பிக் வளர்க்கும் சிநேகிதர் ஒருவர் தற்செயலாகத் தொலைபேசியில் பேசியிராவிட்டால், அதைக் கொடுத்தும் இருப்போம்.

"அதை வாயில ஊத்திடாதீங்க!" என்று அவர் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காரணத்தையும் அவரே விளக்கினார். முயல், கினி பிக், வெள்ளெலி ஆகிய பிராணிகளின் பெருங்குடலை ஒட்டி ஒரு பெரிய பை இருக்கிறது. தின்ற புல்லை ஜீரணிக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அதற்குள்தான் வசிக்கின்றன. பென்சிலின் வகை மருந்தை வாய்வழியே செலுத்தினால் அந்த நல்ல உயிர்கள் அழிந்து, அவற்றின் இடத்தில் விஷத்தை உண்டாக்கும் வேறு கிருமிகள் பெருகிப் பேதி கண்டு, சில நாளைக்குள் பிராணி மாண்டுபோகும். நமக்கும் நாய்க்கும் அன்றாடம் பிரயோகமாகும் ஒரு சாதாரண மருந்து இப்படி யமனாக மாறுகிறது. இது ஒன்று மட்டுமன்று. நாயின் முதுகில் உண்ணிக்காக விடுகிற சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் என்பது முயலுக்கு ஆகாது. மாட்டுக்கும் முயலுக்கும்கூடத் தோல் பூச்சிக்காகப் போடுகிற ஐவர்மெக்டின், ஆமைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான்கு காலும் வாலும் இருப்பதனாலேயே எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பஞ்சுவைப் பற்றிச் சொல்லவில்லையே. (முயலின் பெயர் அதுதான்.) எதிர்வீட்டிலிருந்த பாங்கு உத்தியோகஸ்தர் வடக்கே மாற்றலாகிப் போனபோது, அவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுபோக மனமில்லாமல், என் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஜீவன் அது. வெள்ளை உடம்பு, சாம்பல் நிறக் காது, சப்பையான சிறு முகம். முயலென்றால் காரட் தின்னும் பிராணி என்று படப்புத்தகங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. வாஸ்தவத்தில் அதன் ஆகாரத்தில் பெரும்பங்கு புல்லாகத்தான் இருக்க வேண்டும், காரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் போதும். எங்கள் வீட்டில் அருகம்புல்லும் உலர்ந்த புல்லும் குறைவில்லாமல் இருந்தன. அப்படியிருந்தும் ஒரு நாள் மாலை பஞ்சு புல்லைத் தொடவில்லை. மறுநாள் காலை கூண்டில் புழுக்கையே இல்லை. கிட்டே போய்க் காதைக் கொடுத்தால், மெல்லிய நறநறப்பு ஒன்று கேட்டது. வலி பொறுக்கமாட்டாத முயல் அப்படித்தான் பல்லை அரைக்குமாம்.

மனிதன் ஒரு நாள் உபவாசம் இருந்தால் புண்ணியம் என்பார்கள். முயலுக்கு உபவாசம் மரணத்தின் வாசல். அதன் குடல் இடைவிடாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசைவு நின்றால் உள்ளே வாயு சேர்ந்து, வலியினால் தீனி குறைந்து, தீனி குறைந்ததனால் குடல் மேலும் நின்று, இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டுபோய் ஓரிரு நாளில் உயிரையே கொண்டுபோய்விடும். ஆகையால் முயல் வளர்க்கிற அன்பர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன்: அரை நாளாகத் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒத்திப்போடாதீர்கள்.

விடிந்ததும் வேப்பேரிக்குப் போனோம்.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரி மாட்டாஸ்பத்திரியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1903-ல் டாபின் ஹால் என்ற பங்களாவில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரி அது. 1989-ல் கால்நடை மருத்துவத்திற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் உருவானபோது அதற்குத் தாயாக அமைந்ததும் அந்தக் கல்லூரிதான். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கையில், எங்களுக்கு இந்தப் பக்கம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு லாப்ரடார். அந்தப் பக்கம் மறியாட்டின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டியம்மாள். சற்றுத் தள்ளி, போர்க் குணம் பொருந்திய ஒரு சேவலைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் இளைஞர். அந்த நாயின் குரலைக் கேட்கும்போதெல்லாம் பஞ்சுவின் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. நான் அதை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோய், கூடையின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி இருட்டாக்கி வைத்துக்கொண்டு நின்றேன். (வேட்டையாடப்படும் ஜாதிப் பிராணிகளை நாய்களுக்கு நடுவே உட்காரவைத்தால், அந்தப் பீதியே பாதி நோயாகிவிடும். கிளினிக்குகளில் இவற்றுக்கு ஒரு சிறு தனி அறை ஒதுக்கினால் பெரிய புண்ணியம்.)

எங்கள் முறை வந்தது. பார்த்தவர் இளம் வயது டாக்டரம்மாள். பெயரைப் போட அவருடைய அனுமதி என்னிடம் இல்லை. இரும்பு மேஜையில் கால் வழுக்காதிருக்க முதலில் ஒரு தடித்த துண்டை விரித்தார். ஒரு கையை மார்புக்கடியிலும் மறு கையைப் பின்பாகத்துக்கடியிலும் கொடுத்து, முழுப் பாரத்தையும் தாங்கியே தூக்கினார். "பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்காம விட்டா ஒரு உதை உதைக்கும் சார். அந்த வேகத்துல அதோட முதுகெலும்பே ஒடைஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றின் இரு பக்கமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு, காதைச் சோதிக்கிற சிறு விளக்குக் கருவியை எடுத்து, அதன் கூர் முனையைக் கடைவாய் ஓரமாகச் செலுத்திப் பார்த்து, "இங்க வாங்க, நீங்களும் பாருங்க" என்று என்னை அழைத்தார்.

பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு முள். அந்த முள் படுகிற இடத்தில் நாக்கின் ஓரம் சிவந்து புண்ணாகியிருந்தது.

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும். புல்லை ஓயாமல் அரைப்பதனால் அவை சமமாகத் தேய்ந்து அளவோடு நிற்கின்றன. முகம் குட்டையான ஜாதிகளில் மேல் தாடையும் கீழ் தாடையும் பிறவியிலேயே சரியாகப் பொருந்தாமல் போய், தேயாத ஓரங்கள் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்துகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்பற்கள் முத்துப்போல இருக்கும். கடைவாயைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் பார்ப்பார்.

மயக்கம் கொடுத்து ராவ வேண்டும் என்றார். "அப்படீன்னா இன்னும் கொஞ்ச நேரம் எதுவும் கொடுக்காம வச்சிருக்கணுமா?" என்று நான் கேட்டதற்கு, "நாய்க்குத்தான் சார் அது. முயலுக்கு வாந்தியே எடுக்க வராது, பட்டினி போட்டாதான் ஆபத்து" என்று பதில் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து தடிமனான ஒரு புஸ்தகத்தை எடுத்து விரித்தார். அபூர்வப் பிராணிகளுக்கு எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பதை அட்டவணை அட்டவணையாகக் கார்ப்பென்டர் என்பவர் தொகுத்திருக்கும் நூல் அது. முயலை எடை போட்டு, புஸ்தகத்தில் விரலை வைத்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, அதன் பிறகே ஊசியில் மருந்தை ஏற்றினார். புஸ்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்கிறாரே என்று மதிப்புக் குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கோ அந்தக் கணத்தில்தான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

முள்ளை ராவினார்கள். தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன் ஏற்றினார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். புல் தூளைக் குழம்பாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் விதத்தை என் பெண்ணுக்குச் செய்து காட்டினார்கள். மறுநாள் அந்தி வேளையில் கூண்டின் மூலையில் நாலைந்து சின்னப் புழுக்கைகள் கிடந்தன. என் பெண் தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். பல் மறுபடியும் வளரும். அவ்வப்போது போய் ராவிக்கொண்டுதான் வர வேண்டும். போய்க்கொண்டிருக்கிறோம்.

இனி, அந்த "முந்நூறு ரூபாய்" விஷயத்துக்கு வருகிறேன். என்னை யோசிக்கவைத்தது அதுதான்.

பிராணிகளின் வைத்தியம் நம் தேசத்துக்குப் புதிதன்று. யானைக்குப் பாலகாப்பியரின் ஹஸ்தியாயுர்வேதம் உண்டு. குதிரைக்குச் சாலிஹோத்திரரின் பெயரால் ஒரு சாஸ்திரமே உண்டு. தமிழில் மாட்டு வாகடங்கள் உண்டு. அரசனுக்கு யானையும் குதிரையும் சேனை. குடியானவனுக்கு மாடு ஜீவாதாரம். ஆகையால் அவற்றுக்கு வைத்தியம் வளர்ந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரத்தில் 1761-ல் க்ளோத் பூர்ழெலா உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியபோது, அவர் குதிரைச் சாஸ்திரத்தில் கைதேர்ந்தவர். மாடுகளை மந்தை மந்தையாக வாரிக்கொண்டுபோன வெக்கை நோயை அடக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முக்கியமான நோக்கம். (அந்த வெக்கை நோய் பூமியிலிருந்தே ஒழிந்துவிட்டதென்று 2011-ல் பிரகடனம் செய்தார்கள். மனித குலம் அடியோடு ஒழித்த நோய்கள் பெரியம்மையும் இதுவுமாக இரண்டே இரண்டு. கால்நடை வைத்தியர்களின் இந்த மகத்தான சாதனையை நம்மில் எத்தனை பேர் கொண்டாடினோம்?)

ஆக, இந்தச் சாஸ்திரம் ஆதியிலிருந்தே ஒரு கணக்கோடு வளர்ந்திருக்கிறது. பிராணியின் விலை எவ்வளவு, அதன் உழைப்பினாலோ பாலினாலோ மாமிசத்தினாலோ வரும் வரும்படி எவ்வளவு, வைத்தியச் செலவு அதற்குள் அடங்குமா என்கிற கணக்கு. விவசாயிக்கு அது நியாயமான கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ராஜ்யத்திலேயே, கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் இறைச்சி முயல்களை வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். முயல் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அங்கே நல்ல ஆலோசனை கிடைக்கும். ஆனால் பண்ணை வைத்தியத்தின் குறி கொட்டில் முழுவதும் நலமாயிருக்க வேண்டும் என்பது. நோய்ப்பட்ட ஒன்றைப் பிரித்து அப்புறப்படுத்தி மற்றவற்றைக் காப்பாற்றுவது அதன் தர்மம். என் பெண்ணின் மடியில் கிடந்த ஒற்றை முயலைக் காப்பாற்றுவது வேறு வேலை. அந்த வேலைக்கு வைத்தியரைப் பழக்க வேண்டுமானால், அப்படிப்பட்ட நோயாளிகள் அவரிடம் வந்துகொண்டே இருக்க வேண்டும். வருகிறவர்கள் அவருடைய உழைப்புக்குத் தக்க கூலியைக் கொடுக்கவும் வேண்டும்.

நாய் வைத்தியம்கூட அப்படித்தான் உண்டாயிற்று. மோட்டார் வந்து குதிரைகள் வீதியை விட்டு மறைந்த பிறகுதான் மேல்நாட்டுக் கால்நடை வைத்தியர்களின் கவனம் நாயின் பக்கமும் பூனையின் பக்கமும் மெல்லத் திரும்பியது. பறவை வைத்தியர்கள் அமெரிக்காவில் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டது 1980-ல். ஊர்வனவற்றின் வைத்தியர்களுக்குச் சங்கம் வந்தது 1991-ல். அங்கேயே இது ஒரு தலைமுறைச் சங்கதிதான் என்றால், இங்கே நாமும் வழி பண்ணிக்கொள்ள முடியும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

ஆனால் நம் வழக்கம் எப்படியிருக்கிறது? ஐந்நூறு ரூபாய் பீஸ் என்றால், "முயலோட வெலையே அவ்ளோ இல்லையே டாக்டர்!" என்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு விலை போட்டுப் பார்த்தா டாக்டரிடம் கொண்டுபோகிறோம்? உடம்பு சின்னதானால் வேலையும் சின்னது என்பது பெரிய பிரமை. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லுகிற சிறு கிளி முப்பது நாற்பது கிராம் எடையுள்ளது. அதன் உடம்பில் உள்ள ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் மூன்று நான்கு மில்லிலிட்டர்தான் தேறும். நகம் பிய்ந்து சில சொட்டு ரத்தம் வீணானால் நமக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பிராண சங்கடம். அதற்கு மருந்து அளப்பதென்றால் மில்லிலிட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயந்து மார்பை இறுக்கிப் பிடித்தால், கையிலேயே மூச்சு முட்டிப் போய்விடும். இவ்வளவையும் அறிந்து, நடுங்காத விரலால் ஒரு சிறு பறவையைப் பிடித்து வைத்தியம் செய்கிறவருக்கு நாய் வைத்தியரைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பறவை வளர்ப்போர் வீட்டில் ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் சிறு மின் தராசு அவசியம் இருக்க வேண்டும். நோயை மறைப்பது பறவையின் சுபாவம். பலவீனம் வெளியே தெரிந்தால் காட்டில் பருந்துக்கு இரையாக வேண்டியதுதான். ஆகையால் நிற்க முடிகிறவரையில் நிமிர்ந்தே நிற்கும். இறகு மூடியிருப்பதனால் இளைப்பும் கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒரு முறையாவது எடை போட்டுக் குறித்து வைத்திருந்தால், தராசு முன்கூட்டியே சொல்லிவிடும். என் சிநேகிதர் வீட்டுக் காக்டீல், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தபோது, அது முட்டை சிக்கிய நிலை என்று அவர் உடனே உணர்ந்து, வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு ஓடியதனால் பிழைத்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் பெட்டைப் பறவைகளுக்கு இது நேர்கிறது. சமையலறையை ஒட்டிக் கூண்டு வைத்திருப்பவர்களே, டெஃப்லான் பூச்சுள்ள தோசைக்கல் அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் எழும் புகை பறவைகளைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். கூண்டை இன்றே இடம் மாற்றுங்கள்.

ஆமையின் கதை இன்னும் பரிதாபகரமானது. கொளத்தூர் பக்கம் அலங்கார மீன் கடைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கண்ணாடித் தொட்டியில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சை ஓட்டோடு, காதருகே சிவப்புக் கோட்டோடு நீந்தும் குட்டி ஆமைகளை. அவை அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அந்தக் குட்டி ஓரடி வரை வளரும், இருபது முப்பது வருஷம் ஜீவிக்கும் என்பதைச் சொல்லி விற்கிற கடைக்காரரை நான் சந்தித்ததில்லை. வெயிலே படாமல், கடையில் கொடுக்கும் குச்சித் தீனியை மட்டும் தின்று வளர்கிற ஆமைக்கு ஓடு மெத்தென்று இளகிவிடுகிறது. வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்கிறது. வீட்டார் மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்து வாங்கி விடுகிறார்கள். வியாதி கண்ணில் இல்லை, ஆகாரத்தில் இருக்கிறது. கடைசியில் அலுத்துப்போய் ஊர்க் குளத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். அது அங்கே நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாதவை. "அதிர்ஷ்டம்" என்று வைத்திருப்பவர்கள், அது நோய்ப்பட்டால் பிடிபடுவோமோ என்று பயந்து வைத்தியரிடமே போவதில்லை. தண்டனை அந்த ஊமை ஜீவனுக்கு. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதுதான் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய வைத்தியம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா, மலைப்பாம்பு முதலிய அயல்நாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் அதற்கு விதிகளும் வகுத்திருக்கிறார்கள். லவ் பேர்ட்ஸும் காக்டீலும் அந்தப் பட்டியலில் இல்லை. முயலைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

வைத்தியரைத் தேடுவது எப்படி என்று கேட்கிறீர்கள். என் அனுபவத்தில் தேறிய வழியைச் சொல்லுகிறேன். பிராணி சுகமாயிருக்கும்போதே தேடுங்கள்; இன்னும் வாங்கவில்லையென்றால் இன்னமும் நல்லது, வைத்தியர் அகப்பட்ட பிறகு வாங்குங்கள். தொலைபேசியில், "முயல் பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் பார்ப்போம் என்றுதான் பதில் வரும். "மாசத்துல எத்தனை முயல் வருது டாக்டர்? ஆபரேஷனுக்கு முன்னாடி தீனியை நிறுத்தணுமா?" என்று வினயமாகக் கேளுங்கள். நிறுத்த வேண்டாம் என்கிறவர் விஷயம் தெரிந்தவர். பறவையானால், எடை போடத் தராசு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இராத்திரியில் ஆபத்து வந்தால் யாரிடம் போவது என்றும் அப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலத்துக்கு அருகே தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை முதலில் விசாரியுங்கள். கற்பிக்கிற இடத்தில் புஸ்தகமும் இருக்கும், கேட்டுச் சொல்லப் பெரியவர்களும் இருப்பார்கள்.

போகும்போது, கடைசியாகப் போட்ட புழுக்கையையோ எச்சத்தையோ ஒரு கவரில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அது நடந்துகொண்ட விதத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். கிளினிக் மேஜையில் பயத்தினால் உறைந்துபோகிற பிராணி தன் நோயைக் காட்டாது. சித்திரை, வைகாசி வெயிலில் முயலைக் கொண்டுபோவதானால், தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வையுங்கள். முப்பது டிகிரிக்கு மேல் போனாலே அதற்குச் சூடு தாங்காது.

பீஸைப் பேரம் பேசாமல் கொடுங்கள். குணமானால் மறுபடியும் ஒரு நாள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முயல் வரும்போது அந்த வைத்தியர் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முயலையோ, கினி பிக்கையோ, பறவையையோ, ஆமையையோ பொறுமையோடு பார்க்கும் வைத்தியர் உங்கள் ஊரில் இருந்தால், அவருடைய சம்மதத்தைப் பெற்று, ஊரின் பெயரோடு எனக்கு எழுதுங்கள். மாவட்டவாரியாக ஒரு ஜாபிதா தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மதுரைக்கும் திருச்சிக்கும் இன்னும் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.